மடித்துக் கட்டிய வேட்டி

இன்று காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு காட்சி. டீக்கடை வாசலில் நின்றிருந்த நாலைந்து பசங்க, எங்கள் தெருப் பெரியவர் வருவதைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அவர் பணக்காரர் இல்லை. மோட்டார் காயில் கட்டும் வேலை பார்த்தவர்.

2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த நாள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. அவர் வீட்டுக் கொல்லையில் மட்டும் ஒரு அடிபம்பு. கொல்லைக் கதவைக் கழற்றியே வைத்துவிட்டார். ராத்திரி வந்தாலும் தட்டத் தேவையில்லை என்று. வருஷக்கணக்காக அவரோடு பேசாத பக்கத்து வீட்டம்மாவுக்கு அவரே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தம்மா அழுதுவிட்டார்.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் போய்க் காய் நறுக்கித் தருவார். பசித்தவர்களுக்குச் சோறு போட 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பாச்சே! அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகமே மாறிவிடும்.

சரி, இன்று நானும் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். “சாப்பிட்டியா தம்பி?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.