முத்திரைகளும் தபால் அட்டைகளும்

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, நாஜி காலத்து நாவல்களில் துப்பாக்கி வெடிக்கும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன். விசா, முத்திரை, காலாவதித் தேதி என்று வந்துவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அந்த ருசிக்குத் தீனி போட்ட மூன்று புத்தகங்களைச் சொல்கிறேன். மூன்றும் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டவை. நான் படித்தது ஆங்கிலத்தில்.

முதலில் அன்னா செகர்ஸின் ‘ட்ரான்சிட்’. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் அகதிகள் மார்சேய் துறைமுகத்தில் வந்து குவிகிறார்கள். போகும் நாட்டுக்கு ஒரு விசா, வழியில் உள்ள நாடுகளைக் கடக்க ஒரு விசா, பிரான்ஸை விட்டு வெளியேற ஓர் அனுமதி. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். ஊரில் சில வாரம் தங்கவேண்டுமானால், ஊரைவிட்டுப் போகப்போவதை நிரூபித்தாக வேண்டும்! கராகஸில் வேலை காத்திருக்கும் வயதான இசைக்குழு நடத்துநர் ஒருவர் இந்தச் சுழலிலேயே செத்துப்போகிறார். கதைசொல்லிக்கோ, பாரிஸில் தற்கொலை செய்துகொண்ட எழுத்தாளன் ஒருவனின் பெயரில் விசா கிடைக்கிறது. செத்தவன் உயிரோடு ஊரில் திரிவதாக நம்பி அவன் மனைவி தேடி அலைகிறாள். செகர்ஸும் 1941 மார்ச்சில் இதே துறைமுகத்தில் கப்பலேறி மெக்சிகோ போய்ச் சேர்ந்தவர்தான். எந்தக் கதாபாத்திரத்தின் மீதும் அவர் கண்ணீர் சிந்தவில்லை. எனக்குப் பிடித்தது அதுவே.

லிசா ஃபிட்கோவின் ‘எஸ்கேப் த்ரூ த பிரனீஸ்’ நினைவுக் குறிப்பு. வெளியேறும் அனுமதி இல்லாதவர்களை, விடிவதற்கு முன் திராட்சைத் தோட்டக் கூலிகளோடு கலந்து நடக்கவைத்து, மலை தாண்டி ஸ்பெயினுக்குள் கொண்டுபோய் விட்டவர் இவர். அந்தப் பாதையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பன்யூல்ஸ் என்ற எல்லையோர ஊரின் மேயர். 1940 செப்டம்பரில் அழைத்துப்போனவர்களில் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினும் ஒருவர்: இதய நோயாளி, கையில் கனமான கறுப்புப் பெட்டி. பத்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்று கடிகாரம் பார்த்து ஏறியிருக்கிறார். ஸ்பெயின் எல்லை ஊரான போர்ட்போவின் போலீஸ், பிரெஞ்சு வெளியேறும் முத்திரை இல்லையென்று திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்ல, அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். உடன் வந்தவர்களைப் பிறகு போகவிட்டுவிட்டார்கள். ஒரு முத்திரை!

மூன்றாவது ஹான்ஸ் ஃபல்லாடாவின் ‘எவ்ரி மேன் டைஸ் அலோன்’. உண்மைக் கதையிலிருந்து பிறந்த நாவல் இது. பெர்லினில் ஓட்டோ ஹம்பெல், எலீஸ் ஹம்பெல் என்ற தொழிலாளித் தம்பதி, எலீஸின் தம்பி போரில் இறந்தபின், ஹிட்லருக்கு எதிராகத் தபால் அட்டைகள் எழுதி மாடிப்படிகளில் போட்டுவந்தார்கள். 200க்கும் மேற்பட்ட அட்டைகள். கண்டெடுத்தவர்கள் பயந்துபோய்ப் பெரும்பாலானவற்றைப் போலீசிடமே கொடுத்துவிட்டார்கள். 1943 ஏப்ரலில் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாவலில் தம்பி, மகனாக மாறுகிறான். அவசர அவசரமாக எழுதப்பட்ட நாவல், அது தெரியவும் செய்கிறது. நடுவே சில ரவுடிக் கதைகளை வெட்டியிருக்கலாம். ஆனால் அட்டை கிடைத்த இடங்களிலெல்லாம் வரைபடத்தில் குட்டிக் கொடி குத்திக்கொண்டு காத்திருக்கும் அதிகாரி எஷெரிஷ் வரும் அத்தியாயங்களுக்காக அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தடிமனைப் பார்த்து மிரளுகிறவர்கள் ‘ட்ரான்சிட்’டில் தொடங்குங்கள்.