சூசோவுக்குப் போகும் முன்

மார்ச் 3

சீனாவின் சூசோவுக்குப் போக விசா காகிதங்கள் இன்னும் வரவில்லை.

இன்று கியோட்டோவில் பொம்மைத் திருநாள். எதிர்வீட்டு ஜன்னலில் ராஜா ராணி பொம்மைகள். ராணியின் கை விளிம்பை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளை, அதன் மேல் வெளிறிய பச்சை, அதன் மேல் சிவப்பு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹெய்யான் காலத்து அரண்மனைப் பெண்கள் உடுத்திய அடுக்கு உடை அது. உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கழுத்திலும் கை விளிம்பிலும் கீழ் ஓரத்திலும் எட்டிப் பார்க்கும் நிறச் சேர்க்கைதான் எல்லாம். பிளம் பூக்கும் மாதத்துக்கு ஒரு சேர்க்கை, செர்ரிக்கு வேறு. இதையெல்லாம் சொல்லித் தந்த ஆசிரியர், என் சென்செய், மருத்துவமனையில் இருக்கிறார்.

மார்ச் 4

சென்செய்க்குக் காய்ச்சல் இறங்கவில்லை. பார்க்க விடவில்லை.

மார்ச் 6

அவர் கொடுத்த கிமோனோவை எடுத்தேன். ஓஷிமா நெசவு, கருப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். அரிசித்தாள் உறையைத் திறந்ததும் அவர் வீட்டு வாசனை.

தனியாகவே கட்டினேன். முதலில் உள்அங்கி. அதன் காலரில் ஒரு வெள்ளைப் பட்டையைக் கையால் தைத்திருக்கும். அழுக்கானால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம். இடுப்பு உள்வாங்கும் இடத்தில் டவலை மடித்துச் சுற்ற வேண்டும், வளைவு தெரியக் கூடாது என்பதற்காக. கிமோனோவைத் தோளில் போட்டால் தரையில் புரளும். முதுகுத் தையலை நடு முதுகுக்குக் கொண்டுவந்து, கீழ் ஓரத்தைக் கணுக்கால் வரை தூக்கி, வலது பக்கத்தை உள்ளே கொடுத்து, இடது பக்கத்தை மேலே போட்டு இடுப்பில் நாடாவைக் கட்ட வேண்டும். மிச்ச நீளம் நாடாவின் மேல் ஒரு மடிப்பாக விழும். அக்குளுக்குக் கீழே தைக்காமல் விட்ட திறப்பு வழியாக இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அந்த மடிப்பை நீவ வேண்டும். ஆண்களின் கிமோனோவில் அந்தத் திறப்பு கிடையாது. பின்கழுத்தில் ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளி. அப்புறம் ஒபி என்னும் இடுப்புப் பட்டை, நாலு மீட்டருக்கும் மேல்.

புடவை கட்டுகிறவளுக்கு இது சுலபமாக வரும் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். கொசுவம் வைத்துப் பழகிய விரலுக்குத் துணியின் எடை எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியும், அது நிஜம். ஆனால் புடவை உடம்புக்குத் தகுந்தபடி வளைந்துகொடுக்கும். இங்கே துணிக்காக உடம்புதான் நேராக வேண்டும். ஆரம்பத்தில் அது எனக்குப் பிடிக்கவே இல்லை. இப்போது ஒபியை இறுக்கியதும் முதுகு தானாக நிமிர்கிறது, மூச்சு மெதுவாகிறது. இந்த மாதத்தில் எனக்கு வேண்டியிருப்பதும் அதுதான்.

கிமோனோவோடே சமைத்தேன். கிமோனோவோடே மின்னஞ்சல் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 9

சூசோவிலிருந்து என் கணவர் படங்கள் அனுப்பியிருந்தார். பிங்ஜியாங் தெருவில், வாய்க்கால் ஓரத்தில், சீனர்களின் பழைய மரபு உடையான ஹான்ஃபு உடுத்திய பெண்கள். “இதுவும் கிமோனோ மாதிரிதானே? அங்கே போட்டதை இங்கே போட்டுக்கொள்ளேன்” என்று எழுதியிருந்தார்.

மாதிரிதான். இடது மேல், வலது உள்ளே. இரண்டு நாட்டிலும் ஒரே வழக்கம், அது சீனாவிலிருந்து வந்தது. குவான் ஷோங் என்ற பழைய அமைச்சர் மட்டும் இல்லாவிட்டால் நாமெல்லாம் தலையை விரித்துப் போட்டு உடையை மாற்றி மடித்துக்கொண்டு திரிந்திருப்போம் என்று கன்பூசியஸ் சொன்னது பதிவாகியிருக்கிறது. எந்தப் பக்கம் மேலே என்பதில் நாகரிகமே இருப்பதாக நினைத்தார்கள். ஜப்பானில் 719இல் அரசாணையே போட்டு மக்கள் எல்லோரையும் இடதை மேலே போட வைத்தார்கள்.

ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் குத்துகிறது. ஹான்ஃபுவில் மேலே ஒரு சட்டை, கீழே ஒரு பாவாடை. தாங் வம்சக் காலத்து மோஸ்தரில் பாவாடையை மார்புக்கு மேலேயே கட்டிவிடுகிறார்கள், அங்கிருந்து துணி இறங்கி ஓடுகிறது. நாலைந்து பெண்கள் பிற்கால மிங் வம்சக் காலத்து மா மியான் பாவாடையில் இருந்தார்கள். இரண்டு பாகங்கள் ஒரே இடுப்புப் பட்டையில் சேர்ந்திருக்கும், சுற்றிக் கட்டும்போது முன்னாலும் பின்னாலும் தட்டையான கதவு மாதிரி ஒரு பரப்பு வரும், பக்கங்களில் மட்டும் மடிப்பு. நடந்தால் அந்த மடிப்புகள் விரியும். தாண்டலாம், குதிரை ஏறலாம். கிமோனோவில் அடி சின்னதாகத்தான் வைக்க முடியும். ஒரு படத்தில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கிறாள், பாவாடை முழுக்க விரிந்திருக்கிறது. அந்தப் படத்தை மட்டும் சேமித்து வைத்தேன்.

இடுப்பும் அப்படித்தான். அங்கே மெல்லிய நாடா, காற்றில் ஆடுகிறது. இங்கே அகலமான ஒபி. இங்கேயும் ஒரு காலத்தில் மெல்லியதாகத்தான் இருந்தது. 1600களில் தொடங்கிய எடோ காலத்தில் அகலமாகி அகலமாகி உடையையே இரண்டாக வெட்டிவிட்டது.

மார்ச் 10

தூக்கம் வரவில்லை. இவருக்குத் தெரியாமல் இல்லை, மறந்திருப்பார்.

2022 ஆகஸ்டில் அதே சூசோவில், ஜப்பானியக் கடைகள் இருக்கும் ஹுவாய்ஹாய் தெருவில், கிமோனோ உடுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்ணைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஹான்ஃபுவில் வந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன், நீ சீனப்பெண் இல்லையா என்று அதிகாரி கத்துவது காணொளியில் இருந்தது. 2010இல் செங்டூவில் நடந்தது இன்னும் கொடுமை. ஜப்பானுக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்த நாளில், ஹான்ஃபு உடுத்தியிருந்த ஒரு பெண்ணைக் கிமோனோக்காரி என்று நினைத்து, அந்த உடையைக் கழற்ற வைத்து எரித்தார்கள். தன் நாட்டு உடையையே அடையாளம் தெரியாத அளவுக்கு மறந்து போயிருந்தது.

நான் வெளிநாட்டுக்காரி, என்னைப் பிடிக்க மாட்டார்கள். என் பயம் அது இல்லை. 1937இல் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை செய்த படுகொலையைக் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டி என் மாடிப்படியில் எதிரே வந்தால்? அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சிரிப்பேன்?

எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா. விடுவதென்றால் யாரிடம்?

மார்ச் 13

மழை. ஒன்றும் வரவில்லை.

மார்ச் 16

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ரயில் ஏறி அசுகாவுக்குப் போனேன். தகமாட்சுசுகா கல்லறை. உள்ளே இருந்த அசல் சுவர் ஓவியங்களைப் பூஞ்சை பிடித்ததால் 2007இல் கல்லறையைப் பிரித்தே எடுத்துப் பாதுகாக்கிறார்கள். பக்கத்துக் கூடத்தில் பிரதிகள் இருக்கின்றன.

மேற்குச் சுவரில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் நீளச் சட்டை, அதன் கீழ் பல நிறக் கோடுகளோடு தரை வரை மடிப்புப் பாவாடை. கிமோனோவின் சாயலே இல்லை. தாங் கால இளவரசி யோங்தாயின் கல்லறைச் சுவரில் நிற்கும் பெண்களின் பக்கத்தில் இவர்களைக் கொண்டுபோய் நிறுத்தலாம், உறவுக்காரர்கள் என்றுதான் நினைப்பார்கள். கொரியாவின் பழைய கோகுர்யோ அரசுக் காலத்து ஓவியங்களிலும் இந்தப் பாவாடை உண்டு. கடல் தாண்டி வந்த உடை. சட்டையின் மடிப்பைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது: வலதுதான் மேலே. 719க்கு முந்தைய பெண்கள்.

இந்தப் பாவாடையும் சட்டையும் ஜப்பானில் எப்படி ஒற்றை அங்கியாகின? மேலே போட்ட அடுக்குகள் நூற்றாண்டு கணக்கில் ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் உள்ளே உடுத்திய சின்னக் கைத்துளை அங்கியே வெளி உடையானது. இன்றைய கிமோனோ அந்த உள்உடையின் வாரிசு. எங்கும் அறுபடாமல் கைமாறிக் கைமாறி வந்தது.

சீனாவில் அறுபட்டது. சீனாவைப் பிடித்த மஞ்சூக்கள் 1645இல் தலைமுடியையும் உடையையும் மாற்றச் சொன்னது ஆண்களுக்குத்தான். ஹான் பெண்கள் சட்டையும் பாவாடையுமாகவே இருந்தார்கள், ஆனால் அதுவும் மெல்ல உருமாறிப் போனது. 2003இல் ஷெங்ஜோவில் வாங் லெத்தியான் என்பவர் ஹான்ஃபு உடுத்தித் தெருவில் நடந்தார், புதிய அலை அங்கிருந்துதான் என்கிறார்கள். சொல்லித்தர வீட்டில் பாட்டி இல்லை. அதனால் கல்லறைகளிடம் போனார்கள். ஃபுஜோவில் 1975இல் தோண்டிய ஹுவாங் ஷெங்கின் கல்லறை. 1243இல் இறந்த பதினேழு வயதுப் பெண். அவளோடு புதைத்த நூற்றுக்கணக்கான துணிகளைப் பார்த்துத்தான் சோங் காலத்து மேலங்கியை இன்று தைக்கிறார்கள். சாங்ஷாவில் மவாங்தூய் கல்லறையில் கிடந்த சீமாட்டியின் மெல்லிய பட்டு அங்கி 49 கிராம். முழு அங்கியும்! அது வெளியே வந்தது 1972இல். தகமாட்சுசுகாவின் ஓவியம் கண்டெடுக்கப்பட்டதும் அதே 1972.

இறந்த பெண்களிடமிருந்து உடையைக் கற்றுக்கொள்வதை இங்கே சிலர் இளப்பமாகப் பேசுகிறார்கள், வேஷம் என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. பாட்டி இல்லாத குழந்தை வேறு எங்கே போகும்?

மார்ச் 19

பார்க்க விட்டார்கள். ரொம்ப மெலிந்துவிட்டார். மருத்துவமனை அங்கியை இடதை மேலே போட்டுச் சரியாகக் கட்டியிருந்தார்களா என்று என் கண் முதலில் அங்கேதான் போனது. சரியாகத்தான் இருந்தது.

சூசோ விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். “பிரித்துவிடு” என்றார்.

“எதை, சென்செய்?”

“கிமோனோவை. எல்லாம் நேர் வெட்டுதானே. பிரித்து நுனியோடு நுனி தைத்தால் பழையபடி துணிச்சுருள். துணியை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.”

கை இரண்டு, உடல் இரண்டு, முன் ஒட்டு இரண்டு, காலர், காலருக்கு மேல் காலர். எட்டுத் துண்டு. சுமார் 37 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். அந்தக் காலத்தில் துவைப்பதற்கே பிரிப்பார்கள். தைத்தால் அம்மாவுடையது மகளுக்கு. நைந்த இடத்தை உள்ளே தள்ளித் தைத்தால் இன்னும் இருபது வருஷம்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் அழுதேன்.

மார்ச் 20

இவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். “துணியாக வந்தால் இங்கே நல்ல தையல்காரர்கள் இருக்கிறார்கள், உனக்கு ஒரு சீபாவ் தைத்துவிடலாம்” என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

சீபாவ் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம். ஷாங்காயில் 1920களில் படித்த பெண்கள் உடுத்த ஆரம்பித்து, 1929இல் அரசே பெண்களின் முறையான உடைகளில் ஒன்றாக அறிவித்த உடை. நம் சிங்கப்பூர், மலேசியா ஆட்கள் சியோங்சாம் என்பார்கள். ஆரம்பத்தில் தொளதொளப்பாகத்தான் இருந்தது. தோளில் தையல்கூடக் கிடையாது, ஒரே துணியை மடித்து வெட்டுவார்கள். முப்பதுகளில் இடுப்பைப் பிடித்தது. பிறகு ஹாங்காங்கில் டார்ட் என்னும் கூர்மடிப்புப் பிடித்துத் தைத்தார்கள், உடம்போடு ஒட்டியது. துணியை மூலைவாட்டில் கீறி, பசை தடவி, முறுக்கி முடிச்சிட்ட அந்தப் பட்டன்களைச் செய்யும் விரல்களைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். நிமிர்ந்த காலர், தொடைப் பக்கம் திறப்பு, ஒளிக்க ஒன்றுமில்லை என்கிற நடை. கிமோனோ டவல் சுற்றி மறைக்கும் இடுப்பை அது முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ஆனால் அது ஒருத்தியின் உடம்புக்கு வெட்டியது. கத்திரி வளைந்து போனால் துணி திரும்பி வராது. அவளுக்கு வயசானால், பிள்ளை பெற்றால், அந்த உடை அவளுக்காகக் காத்திருக்காது. கிமோனோவின் வடிவம் துணியில் இல்லை, ஒவ்வொரு காலையும் கட்டும் கையில் இருக்கிறது. அதனால்தான் சென்செயின் கிமோனோ எனக்குப் பொருந்தியது. அவர் என்னைவிடக் குள்ளம்.

அந்தத் துணியில் வளைவாகக் கத்திரி படக் கூடாது. இதில் பேச்சே இல்லை.

மார்ச் 24

இரண்டு நாளாக மண்ணைப் பற்றியே படிக்கிறேன்.

ஓஷிமா நூலைத் தென் ஜப்பானின் அமாமி தீவில் சாயமேற்றுகிறார்கள். ஷாரின்பாய் மரத்தைச் சீவி வேகவைத்த சாற்றில் திரும்பத் திரும்ப முக்கி, இரும்புச்சத்து உள்ள சேற்றில் பிசைந்து அலசி, மறுபடி சாறு, மறுபடி சேறு. மரத்தின் துவர்ப்பும் மண்ணின் இரும்பும் சேர்ந்துதான் அந்தக் கருப்பு. சாயம் ஏறிய பிறகே நெசவு. பாவிலும் ஊடையிலும் முன்பே போட்ட புள்ளிகள் தறியில் ஒன்றோடொன்று சரியாக உட்கார வேண்டும். ஊசியால் இழையை நகர்த்தி நகர்த்திப் பொருத்துவார்கள்.

தென் சீனாவில், குவாங்டாங்கின் ஷுன்டேயிலும் இதே வேதியியல். அங்கே முதலில் நெசவு. நெய்த பட்டைக் கிழங்குச் சாற்றில் நனைத்துப் புல்தரையில் வெயிலில் விரித்து, பல தடவை நனைத்துக் காயவைத்து, கடைசியில் ஒரு பக்கம் மட்டும் ஆற்றுச் சேற்றைப் பூசுகிறார்கள். மேல்பக்கம் பளபளக்கும் கருப்பு, உள்பக்கம் துருச் சிவப்பு. வியர்வையில் ஒட்டாது, சீபாவ் தைக்க அதைத்தான் தேடி வாங்குவார்கள்.

இரண்டு கரையிலும் பெண்கள் ஒரே சேற்றை உடுத்தியிருக்கிறார்கள். இதை அந்த மாடிப்படிப் பாட்டியிடம் எந்த மொழியில் சொல்வது?

இத்தனை வேலைக்குப் பிறகும் ஓஷிமாவைக் கல்யாணத்துக்கு உடுத்த முடியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் அது அன்றாட உடைதான் என்பது இங்கே விதி. அந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 27

விசா வந்துவிட்டது. சென்செய் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

மார்ச் 30

பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். காலர் கழன்றது. கழுத்துக்குப் பின்னால், வளைத்து வெட்டியிருக்கும் என்று நினைத்த இடத்தில், துணியை மடித்து உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். கழுத்துத் துளை ஒன்றைத் தவிர எங்கும் கத்திரி வீணாகப் படவில்லை. மடிப்புக்குள் இருந்த துணி இன்னும் கருப்பாக, புதுசாக இருக்கிறது. நூலைத் துண்டு துண்டாக அறுக்காமல் ஒரு நுனியில் மட்டும் வெட்டி உருவினால் நீளமாக வருகிறது, சுற்றி வைத்திருக்கிறேன்.

கைகள் இரண்டும் வந்துவிட்டன. முன் ஒட்டு ஒன்று மிச்சம். முதுகுத் தையல் நாளைக்கு. லாரி நாளை மறுநாள் வருகிறது.

சூசோவிலும் ஜூனில் இதே பிளம் மழைக்காலம்தான், துணியில் பூஞ்சை பூத்துவிடும். இங்கே கிரி மரப் பெட்டியில் வைப்பார்கள், அந்த ஊரில் கற்பூர மரப் பெட்டி உண்டாம். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லி இவருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் போடவில்லை.