மங்களத்திலயோ தொடங்கிறது?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பேச ஆளும் இல்லை. அடுத்த செப்டம்பரில் தேவாலயப் பாடகர் குழுவில் போய்ச் சேர்ந்தேன். "இசைக்குறிப்பு நோட்டு பார்த்துப் பாடத் தெரியாதே" என்றேன். "காது இருக்கிறதல்லவா?" என்றார் குழுவை நடத்தும் அம்மையார்.

செவ்வாய் இரவு ஏழரைக்குப் பயிற்சி. சரியாக ஏழரைக்குப் போனால், எல்லாரும் நோட்டைத் திறந்து கையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழரை என்பது வாசலுக்கு வரும் நேரமல்ல, வாய் திறக்கும் நேரம்.

பாடியது ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ. பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து கதை சொல்லும் நீண்ட சமய இசை, 1734-இல் லைப்சிக்கில் அரங்கேறியது. ஆறு பகுதிகளில் நாங்கள் எடுத்தது முதல் மூன்று. எந்த இடம் பாடப்போகிறோம் என்று ஞாயிறன்றே மின்னஞ்சல் வந்துவிடும். வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும். பத்து நிமிடம் குரலைச் சூடாக்கியதும் ஆண்கள் பக்கத்து அறைக்குப் போவோம். அரைமணி நேரமும் ஒரே பக்கம்தான். முதலில் சுருதியே இல்லாமல், சொற்களை மட்டும் தாளத்தில், பாதி வேகத்தில். அட, இது தாளத்தை வாயால் சொல்லும் நம்ம சொல்கட்டு ஆயிற்றே!

என் பாடு கமகத்தில்தான். ஸ்வரத்தைத் தொட்டதும் குரல் தானாக ஆடும். அம்மையார் பாட்டை நிறுத்தி, விரலால் காற்றில் நேராக ஒரு கோடு இழுப்பார். கர்நாடக சங்கீதத்தில் எட்டு வருடம் ஆட்டக் கற்றதை ஆடாமல் நிறுத்த இரண்டு மாதம் ஆனது. தம்புராவும் இல்லை, பக்கத்து ஆள் வேறு ஸ்வரம் பாடுவார், நாம் நம் ஸ்வரத்தில் நிற்கவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையை விடாமல் நடப்பது மாதிரி. கடைசியில் பாஸ் என்னும் அடிக்குரலில் பாடும் இரண்டு பழுத்த ஆட்களுக்கு நடுவே என்னை உட்காரவைத்தார். பிழைத்தேன்.

பொங்கல் விழாவுக்குப் பாட நம் ஆட்களும் பத்துப் பேர் ஞாயிறுதோறும் கூடுவோம். நாலு மணி என்றால் ஐந்து. டீ, வடை, ஊர்க்கதை, ஐந்தரைக்குப் பல்லவி. எல்லா வாரமும் பல்லவியிலிருந்தேதான், ஊரிலும் அப்படித்தான் பாடினோம். அதனால் பல்லவி மட்டும் கச்சேரித் தரத்தில் இருக்கும். கடைசிச் சரணத்துக்கு வருவதற்குள் நேரமும் மூச்சும் தீர்ந்துவிடும்.

போன மாதம், "கடைசிச் சரணத்தை முதலில் எடுப்போமா?" என்றேன். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன தம்பி, மங்களத்திலயோ தொடங்கிறது?"

ஆனாலும் பாடினார்கள். அதே நாலு வரி, இருபது நிமிடம். தடுக்குகிற இடம் எதுவென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது: மூன்றாம் வரியில் இரண்டு பேர்கூட ஒரே இடத்தில் மூச்சு எடுக்கவில்லை. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். ஆண்களைத் தனியாகப் பாட சமையலறைக்கு அனுப்பியதுதான் தப்பு. திரும்பி வரும்போது வடைத் தட்டு காலி.

டீயை இடைவேளைக்குத் தள்ளலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதற்கு மட்டும் ஒருவரும் அசையவில்லை.