குளிக்க மறுக்கிறார்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு குறிப்பேட்டைப் புரட்டினேன். பதினோரு நாள்களுக்கு ஒரே வரி: ‘குளிக்க மறுக்கிறார். உடை மாற்றவில்லை.’ கையெழுத்து மட்டும் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் மாறியிருந்தது.

சென்னையின் தெற்குப் புறநகரில், முப்பது பெண்கள் தங்கியிருந்த மனநல மறுவாழ்வு இல்லம் அது. பெயர் வேண்டாம். மோசமான இடமும் இல்லை. தரை பளபளக்கும், மாத்திரை வேளை தவறாது, மருத்துவர் வாரம் ஒருமுறை வருவார். சமூகப் பணியாளராக நான் அங்கே மூன்று ஆண்டுகள் இருந்தேன்.

குறிப்பேட்டுக்கு உரியவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நெடுநாளாக மனச்சிதைவு நோய். தன்னைப் பேணிக்கொள்ளும் நாட்டம் குறைவதும் அந்த நோயின் அறிகுறிதான் என்று பரீட்சைக்குப் படித்திருந்தேன். அதனால் அந்த வரியைப் பார்த்து எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. படிக்காதவளாக இருந்திருந்தால் ‘ஏன்’ என்றாவது கேட்டிருப்பேன்.

துணி துவைக்கும் நாளில் ஏதோ வேலையாக மொட்டை மாடிக்குப் போனேன். உலர்ந்த நைட்டிகள் ஒரே குவியலாகக் கிடந்தன. ஆயா கைக்கு வந்ததை எடுத்து, வரிசையில் நின்றவர்களுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் ஒருவர் போட்டிருந்தது இந்த வாரம் வேறொருவருக்கு. உள்பாவாடையும் அப்படித்தான். டீச்சர் வரிசையில் இல்லை. மாடிப்படியில், தான் கட்டியிருந்த பச்சைக் கரைச் சுங்குடிச் சேலையின் முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, இதை அவிழ்த்துப் போட்டால் எனக்கே திரும்பி வருமா?”

வராது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 20-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: விரும்பினால் சொந்த உடையை அணியலாம், சீருடைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது, கட்டாய மொட்டை கூடாது, வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகிய பிறகு, சங்கிலி இருக்கிறதா என்று எல்லோரும் தேடக் கற்றுக்கொண்டோம். எங்களிடம் சங்கிலி இல்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்த்தார்கள், பதிவேடுகளைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கையேடு, உடை அவரவர் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்றதா என்று பார்க்கச் சொல்கிறது. தங்கியிருப்பவர்களிடமே பேசிப் பார்க்கவும் சொல்கிறது. டீச்சரிடம் யாரும் பேசவில்லை. நானே இத்தனை நாள் பேசவில்லையே, பிறரை என்ன சொல்வது?

ஆளுக்கொரு சிறிய அலமாரியும் சாவியும் கேட்டேன். மாத்திரையைப் பதுக்குவார்கள் என்றார் மேலாளர். அது வீண் பயமில்லை, அப்படி நடந்திருக்கிறது. ஆனால் முப்பது பேரில் ஒருவர் செய்ததற்கு முப்பது பேரின் சேலையையும் பொதுவாக்குவது என்ன கணக்கு என்று கேட்டேன். அந்த மாதம் முழுவதும் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வழி சொன்னது ஆயாதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. காலை உணவுக்குள் முப்பது பேரைக் குளிப்பாட்டித் துணி மாற்ற, அவரும் இன்னொருவரும் மட்டுமே. “எங்கள் தாத்தா ஊர்த் துணியெல்லாம் வெளுத்தவர். சேராங்கொட்டை மையில் வீட்டுக்கொரு குறி போடுவார். ஒரு துண்டுகூட மாறாது. இங்கே முப்பது குறி போட முடியாதா?” என்றார். மைக்குப் பதில் வண்ண நூல் வாங்கினோம். தையல் தெரிந்த நான்கு பெண்கள் குறி போட உட்கார்ந்தார்கள். அதற்குக் கூலி வாங்கித் தர இன்னொரு சண்டை. அது தனிக் கதை.

டீச்சர் தன் குறியைத் தானே தைத்துக்கொண்டார், மஞ்சள் நூலில். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. காதில் கேட்கும் குரல்களோடு வாக்குவாதம் நடந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாவது வாரம், தானாகவே குளித்துவிட்டு வேறு சேலையில் மாடிக்கு வந்தார். பச்சைக் கரைச் சேலையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டு அதன் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தும் இறங்கவில்லை. ஆயா தட்டை மாடிக்கே எடுத்துக்கொண்டு போனார்.