மூன்றாம் கியரில் மட்டும் ஒரு சத்தம்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் காரில் இறங்கியபோதுதான் அதை முதலில் கவனித்தேன். நான்காம் கியரிலிருந்து மூன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும், இரும்பில் அரம் உராய்வது போன்ற 'கர்ர்' என்ற ஒலி எழுந்ததோடு, கியர் லிவரின் குமிழ் உள்ளங்கையில் அதிரவும் செய்தது.

காட்டிய பட்டறையில், ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிளட்சை முழுவதுமாக மாற்றச் சொன்னார்கள், எனக்கு ஒப்பவில்லை. கிளட்ச் சரியாக விடுபடாவிட்டால் சத்தம் ஒரு கியரோடு நிற்காது, பல கார்களில் சிங்க்ரோனைசர் (கியர் விழுமுன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இல்லாத ரிவர்ஸில் இன்னும் மோசமாகக் கேட்கும்.

வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்துக் காது கொடுத்தேன். கிளட்ச் பெடலை மிதிக்கும்போது இரைந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும், மிதித்ததும் இரைச்சல் அடங்கினால் எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். எனக்கோ இரண்டுமே கேட்கவில்லை.

பிறகு, பழைய லாரி ஓட்டுநர்களைப் போல, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி, மறுபடியும் மிதித்து மூன்றில் போட்டேன், சத்தமின்றி விழுந்தது. இரு பற்சக்கரங்களின் வேகத்தையும் நானே சமன்செய்தால் ஒலி மறைகிறது என்றால், அந்த வேலையைச் செய்ய வேண்டிய சிங்க்ரோனைசர் வளையம்தான் தேய்ந்திருக்கிறது. வடித்த கியர் ஆயிலில் அந்த வளையத்தின் பித்தளைத் துகள்கள் பொன்னாக மினுங்கின.

வளையத்தை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதுவரை மூன்றுக்கு மாற்ற, இப்படி இருமுறை மிதிக்கும் இரட்டைக் கிளட்ச்தான்.