அப்பா சத்தத்தைக் குறைக்கும் நேரம்

கும்பகோணத்து வீட்டில் இருந்த பிலிப்ஸ் ரேடியோவில் சத்தத்துக்கான குமிழ் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. காரணம் அப்பா. திருச்சி வானொலியில் கச்சேரி நடக்கும். அறிவிப்பாளர் அடுத்த பாட்டின் ராகத்தைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்துச் சத்தத்தை அடியோடு இறக்கிவிடுவார். மனசுக்குள் எண்ணி, சரியாகப் பாட்டு எடுக்கும் சமயத்தில் ஏற்றுவார். "என்ன ராகம்? சொல்லுங்கோ பாக்கலாம்." அண்ணா ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், அடுப்படியிலிருந்து அம்மா ஒன்று சொல்வாள். பாட்டு முடிந்து அந்தப் பெண் குரல் ராகத்தை மறுபடி சொல்லும்வரை தீர்ப்பு கிடையாது. பைரவியை முகாரி என்று அடித்துச் சொல்லிவிட்டு நான் அழுத நாளும் உண்டு. அம்மா பெரும்பாலும் தப்பியதில்லை.

அந்தக் குரலின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. பாடுகிறவர், வயலின், மிருதங்கம், கடம் இருந்தால் கடம், ராகம், தாளம், இயற்றியவர். அவ்வளவுதான், ஒதுங்கிவிடும். தில்லியிலிருந்து வரும் ஆகாசவாணிச் செய்தியில் சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். செய்தி வாசிக்கிறவருக்குப் பெயர் உண்டு, கச்சேரி அறிவிக்கிறவருக்கு இல்லை. அது ஏன் என்று அந்த வயதில் தோன்றவே இல்லை. (பிபிசியில் செய்தி வாசிப்பவர்களுக்கே ஒரு காலத்தில் பெயர் கிடையாதாம். 1940இல், ஜெர்மன்காரன் எவனாவது புகுந்து பொய்ச்செய்தி வாசித்தால் ஜனங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் பெயர் சொல்ல வைத்தார்கள்.)

பெயரோடு வந்தவர்கள் இலங்கை வானொலிக்காரர்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று வீட்டுக்கு வீடு தெரியும். அதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒருவர் கைகொடுத்தார். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து விரட்டப் பார்த்தார், ஜனங்கள் கொழும்புக்குத் திருப்பிக்கொண்டார்கள். அதே வருஷம்தான் சனிக்கிழமை இரவு தேசிய இசை நிகழ்ச்சியும் ஆரம்பமானது. சினிமாப் பாட்டுக்கு நடுவில் சுவாரசியமாகப் பேச ஒரு ஆள் வேண்டும், சரி. ஒரு மணி நேரக் கச்சேரிக்கு எதற்கு?

இதை இப்போது எழுதக் காரணம் போன வெள்ளிக்கிழமை. பெங்களூரில் இருக்கிறேன். 2016 குடியரசு தினத்தில் ஆகாசவாணி தொடங்கிய 'ராகம்' என்ற சாஸ்திரீய சங்கீத வானொலி இங்கிருந்துதான் வருகிறது, சமையல் முடியும்வரை அதுதான் துணை. அன்றைக்கு மாறுதலுக்காக வேறொரு இணைய வானொலியைத் திறந்தேன். தம்புரா கேட்கிறது, அதன் மேலேயே தொகுப்பாளர் பேசுகிறார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அமிர்தவர்ஷிணி மழையை வரவழைக்கும் என்றார். அவருக்கு அந்த ராகம் பள்ளி நாட்களை நினைவூட்டுமாம். எனக்குப் பருப்பு பொங்கிவிட்டது. இத்தனை பேசியவர் கடைசிவரை மிருதங்கம் வாசித்தவர் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. முகமே பார்த்திராத எத்தனை பக்கவாத்தியக்காரர்களை அந்தப் பெயரில்லாத குரல் எனக்குத் தெரிய வைத்திருக்கிறது!

பேசவே கூடாது என்றும் என்னால் சொல்ல முடியாது. திருவையாற்றில், தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலை, அவருக்கு நடக்கும் ஆராதனையின் நேரடி ஒலிபரப்பு. அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்குவதற்கு முன்னால் வர்ணனையாளர் பேசிக்கொண்டே இருப்பார். காவிரிக்கரை, பந்தல், எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் வித்வான்கள். கண்புரை முற்றியிருந்த வருஷம் அம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, "யார் யார் வந்திருக்கான்னு சொல்றாளா பாரு" என்று என்னை அதட்டிக்கொண்டிருந்தாள். நாட்டை ராகத்து முதல் கீர்த்தனையை எடுத்ததும் அந்தக் குரல் சட்டென்று விலகிக்கொண்டது.

சில வருஷங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையிலிருந்து, "இங்க இன்னும் ரசம் வரலையே" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும்.

"மாமி, நீங்க திருச்சி ரேடியோல இருந்தேளா?"

"ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சே. எப்படிக் கண்டுபிடிச்சே?"

அப்பா குமிழைத் திருகின கதையைச் சொன்னேன். அவர் ராகம் சொல்லும்போதெல்லாம் எங்கள் வீட்டில் அவர் வாயை அடைத்துவிடுவோம் என்றேன்.

"உங்காத்துல மட்டும்னு நெனச்சியா?" என்று சிரித்தார். "அதுக்குத்தானே பாட்டு முடிஞ்சப்புறம் நிறுத்தி இன்னொரு தடவை சொல்லுவோம்."