டோக்கியோவில் ராப் தேடி நடந்தது

ஷிபுயா ஸ்டேஷனில் இறங்கினால் எல்லாரும் ஹாச்சிகோ நாய் சிலையோடு படம் எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். நான் நேராக உதாகவாச்சோ தெருக்களுக்கு நடந்தேன். ஜப்பானிய ஹிப்ஹாப் மேல் பைத்தியமாக இருக்கிறவர்களுக்குக் கோயில் அதுதான். தொண்ணூறுகளில் அந்தச் சின்ன வட்டாரம் முழுக்க இசைத்தட்டுக் கடைகள். அமெரிக்காவிலிருந்து வரும் புதுத் தட்டுகளை டிஜேக்கள் முந்திக்கொண்டு வாங்கியது அங்கேதான். பல கடைகள் மூடிவிட்டன. 1980இல் தொடங்கிய மன்ஹாட்டன் ரெக்கார்ட்ஸ் இன்னும் நடக்கிறது.

அதன் பக்கத்துச் சந்தில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். ஒவ்வொரு அட்டையின் இடது ஓரத்திலும் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருந்தது. விலைச்சீட்டில் கடைக்காரர் பொடி எழுத்தில் கையாலேயே குறிப்பு எழுதியிருந்தார். நான் ஹிப்ஹாப் இசையமைப்பாளர் நுஜாபெஸின் பெயரைச் சொன்னதும் அவருடைய ‘மோடல் சோல்’ ஆல்பத் தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் பிடித்து டர்ன்டேபிளில் வைத்தார். பழைய ஜாஸ் பியானோவில் ஒரு துண்டு சுழன்று சுழன்று வர, அடியில் டிரம்ஸ் தட்டிக்கொண்டே போனது. நுஜாபெஸும் இதே ஷிபுயாவில் தட்டுக் கடை நடத்தியவர்தான். இயற்பெயர் ஜுன் செபா. 2004இல் வந்த ‘சாமுராய் சாம்ப்லூ’ அனிமே வழியாகத்தான் என்னைப் போன்ற வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்கு அவர் அறிமுகம். 2010இல் சாலை விபத்தில் போய்விட்டார். வயது 36தான். அந்தப் பாட்டு முடியும்வரை கடையில் யாரும் பேசவில்லை.

ஜப்பானிய மொழியில் ராப் வராது என்று ஒரு காலத்தில் சொன்னார்களாம். காரணம் இருந்தது. நம் தமிழைப் போலவே அங்கும் வாக்கியம் வினைச்சொல்லில் முடியும். வரிக்கு வரி ஒரே விகுதிதான் திரும்ப வரும். அதை இயைபு என்று யார் ரசிப்பார்கள்? கிங் கித்ரா குழுவின் கே டப் ஷைன் போன்றவர்கள் வரியைப் பெயர்ச்சொல்லில் நிறுத்தினார்கள். மெய்யெழுத்து எப்படியோ போகட்டும் என்று உயிரொலிகளை மட்டும் அடுக்கிப் பொருத்தினார்கள். ‘செகாய்’, ‘ஸெத்தாய்’ இரண்டிலும் எ-ஆ-இ. இதைத் தெரிந்துகொண்டு அவர்களுடைய 1995 ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், மொழி புரியாவிட்டாலும் கணக்கு காதில் விழும். அந்த உழைப்புக்காகவே அவர்கள் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

அப்புறம் டோகென்ஸாகா மேடேறி மருயாமாச்சோ. 1997 முதல் நடக்கும் ஹார்லெம் கிளப் இங்கேதான். நள்ளிரவுக்கு மேல் கிளப்பில் ஆடுவதே 1948ஆம் வருடச் சட்டப்படி நெடுங்காலம் தடை என்றால் நம்ப முடிகிறதா? 2015இல் சட்டத்தைத் திருத்தி, 2016 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காக முன்னால் நின்று வாதாடியவர் கிங் கித்ராவின் இன்னொரு ராப்பர், ஸீப்ரா.

மறுநாள் ஹிபியா பூங்காவின் திறந்தவெளி அரங்கை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. 1996 ஜூலை 7, மழையில் ‘சாம்பின் கேம்ப்’ என்ற ராப் கச்சேரி நடந்த இடம். ஈசிடி என்ற ராப்பர் முன்னின்று நடத்தியது. ஜேபாப் என்கிற ஜப்பானியப் பாப் பாட்டே பெரும்பாலும் விற்ற காலத்தில் ராப்புக்காக அத்தனை பேர் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்.

சாயங்காலம் கவாசாகி. ஷினாகவாவிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் ஊர் வேறு: கடலோரம் முழுக்க ஆலைகள், எண்ணெய்க் கிடங்குகள். பேட் ஹாப் குழு இந்த ஊர்ப் பையன்கள்தான். 2024 பிப்ரவரியில் டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரி நடத்திக் குழுவைக் கலைத்தார்கள். ஸ்டேஷன் வாசலில் ஐந்தாறு பையன்கள் போனில் பீட் போட்டு வட்டமாக நின்று ராப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் தடுமாறினால் அடுத்தவன் அந்த வரியிலிருந்தே எடுத்துக்கொண்டான். ரொம்ப நேரம் நின்று கேட்டேன்.

அடுத்து ஒகினாவா போகணும். 2022இல் டோக்கியோவின் புதோகான் அரங்கில் மேடை ஏறிய ராப்பர் ஆவிச் அந்தத் தீவின் நாஹா ஊர்க்காரர். போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.